பெரியம்மா வைத்த மூலை

அந்தப் படிவத்தில் டிக் அடித்தது நான்தான். பெரியம்மாவுக்கு அது அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் என் காதைத் திருகி, கையோடு அழிக்க வைத்திருப்பாள்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. அப்போதே இருபத்தாறு வருஷமாகக் கட்டட வேலை. கட்டட வேலை என்றால் சித்தாள் வேலை. கொத்தனார் சாரத்தில் நின்ற இடத்திலேயே நிற்பார். கல்லும் மணலும் தண்ணீரும் கலவையும் அவர் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்து சேர வேண்டும். சுமந்து வந்து சேர்ப்பவள் சித்தாள். எங்கள் ஊரில் பாதிக் கட்டடம் பெரியம்மாவின் தலை வழியாக மேலே போனதுதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் சரி, "அதோ அந்த ஆஸ்பத்திரி இருக்கே, மூணாவது மாடி வரைக்கும் நான் தூக்குனது. அதுக்கு மேல மெஷின் வெச்சுட்டாங்க" என்று ஆரம்பித்துவிடுவாள்.

அவளுடைய கண் பொல்லாத கண். தலையில் மணல் சட்டியோடு போகிறபோதே, "மேஸ்திரி, அந்த ஜன்னல் ஓரம் அரை விரல் வெளிய தள்ளுது" என்பாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே வேலை பார்க்கும் ஒரு மேஸ்திரியிடம்தான் அவள் பல வருஷம் இருந்தாள். கண்ணாடி மேஸ்திரி என்றே அவருக்குப் பேர். "நீ மண்ணு சுமக்க வந்தியா, மட்டம் பாக்க வந்தியா?" என்று சீறுவார். அவள் போய்விடுவாள். இரண்டு நிமிஷத்தில் முதுகுக்குப் பின்னால் கல்லைத் தட்டி எடுக்கிற சத்தம் கேட்கும். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்திருப்பார், அவள் சொன்ன அரை விரல் சரியாக இருந்திருக்கும். திரும்பிப் பார்க்கவே மாட்டேன் என்பாள் பெரியம்மா. திரும்பிப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும், அவளுக்குச் சிரிப்பு வரும்.

கலவையை அள்ளிப் பூசக் கொத்தனார்கள் பிடிக்கிற கரணையை அவள் கையில் யாரும் கொடுத்ததில்லை. கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. அது அப்படியே நடந்துகொண்டிருந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு வீடு கிடைத்தது. வீடு கட்ட வசதியில்லாத குடும்பங்களுக்கு வீடு கட்டித் தரும் ஒரு சங்கம் இருக்கிறது. சும்மா தந்துவிட மாட்டார்கள். அந்தக் குடும்பமும் கூட நின்று வேலை செய்ய வேண்டும். எங்கிருந்தோ ஆட்கள் விமானமேறி வந்து அவர்களோடு சேர்ந்து கல் சுமப்பார்கள். பெரியம்மா வீட்டுக்கு வந்தவர்களில் ஒரு பெண் பல் டாக்டராம். இரண்டே நாளில் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். துணியைச் சுற்றிக்கொண்டு மூன்றாம் நாளும் வந்து நின்றாள். "நம்ம வீட்டுக்காக அந்தப் பொண்ணுக்கு ஏன் கை கிழியணும்?" என்று பெரியம்மா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டின் சமையல் மேடைச் செங்கல்லை மட்டும், யாரும் கவனிக்காத ஒரு மத்தியானத்தில், அவளே வைத்தாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் வைத்த கல் அவ்வளவுதான்.

சங்கத்திலிருந்து வருஷா வருஷம் பன்னிரண்டு பேர் வேறு நாட்டுக்குப் போய் அங்கே வீடு கட்டிக் கொடுத்துவிட்டு வருவது வழக்கம். பெரும்பாலும் ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், வீடு வாங்கிய குடும்பங்களிலிருந்தும் ஒருவரை அனுப்பலாம், செலவு சங்கத்தினுடையது என்று அறிவிப்பு வந்தது. மறுநாள் காலையில் பெரியம்மா நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடை வாசலில் நின்றாள்.

"ஏண்டி, இத எழுதிக் குடு."

பேர், வயது எல்லாம் எழுதினேன். அப்புறம் ஒரு பட்டியல் இருந்தது. கொத்தனார், தச்சர், மின்வேலை, குழாய்வேலை, பெயின்டர் என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் "தொழில் தெரியாதவர்" என்று ஒரு கட்டம். சித்தாளுக்குக் கட்டம் இல்லை. அந்தக் கடைசிக் கட்டத்தில் டிக் அடிக்க எனக்குக் கை வரவில்லை. வெயிலில் நடந்து வந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். இவள் தொழில் தெரியாதவளா? கொத்தனார் என்ற கட்டத்தில் அடித்தேன்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது பெரியம்மா."

"கிடைக்குமா?"

"கிடைக்காம எங்க போகும்?"

கிடைத்துவிட்டது. பெரியப்பாவுக்குத்தான் தாங்கவில்லை. அவர் வேனில் தண்ணீர் கேன் போடுகிறவர். சாதாரணமாகக் கோபப்படமாட்டார், கேலிதான் வரும். "இங்க சுமந்தது பத்தலன்னு அங்க போயி ஓசியில சுமக்கப் போறியா?" என்றார்.

"நம்ம வீட்டுக்கு வந்து சுமந்தவங்கல்லாம் பைத்தியமாங்க?"

"நான் அப்படிச் சொல்லல. பதினேழு நாளு யாரு எனக்குச் சோறு போடுவா?"

"கை இருக்கு, அடுப்பு இருக்கு. பக்கத்துல தண்ணி கேனும் இருக்கு."

அதோடு பேச்சு முடிந்தது. கிளம்புகிற அன்று வேனிலேயே அவளை விமான நிலையம் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். பின்னால் காலி கேன்கள் தடதடவென்று உருள, ஒரு ராணியை அனுப்புகிற மாதிரி அனுப்பிவிட்டு வந்தேன் என்று எங்கள் வீட்டில் வந்து சொன்னார்.

அங்கே நடந்ததை நான் இரண்டு வழியாகத் தெரிந்துகொண்டேன். பெரியம்மா போனில் சொன்னது கொஞ்சம். கூடப் போன ஒரு டீச்சர், அந்த ஊர்ப் பாஷை தெரிந்தவர், திரும்பி வந்தபின் சொன்னது மிச்சம்.

நகரத்தின் ஓரத்தில் ஒரு மேட்டுத் தெரு. ஒரே வரிசையில் ஆறு வீடுகள். அஸ்திவாரம் போட்டு, தரையும் போட்டு, சுவருக்காகக் காத்திருந்தன. தெருவின் இந்தப் பக்கம் தகரத்தாலும் பலகையாலும் அடைத்த பழைய குடிசைகள். வீடு வாங்கப் போகிறவர்கள் அதில்தான் குடியிருந்தார்கள். தங்கள் வீடு எழும்புவதை வாசலில் நின்றே பார்க்கலாம்.

முதல் நாள் எல்லாருக்கும் ஷூ கொடுத்தார்கள். முன்பக்கம் இரும்பு வைத்தது. செருப்புக் காலோடு ஐந்து மாடி ஏறியவள், அந்த ஷூவில் சமதரையில் வாத்து மாதிரி நடந்தாளாம். அப்புறம் பேர் கூப்பிட்டு வேலை பிரித்தார்கள். மணல் சலிக்க நாலு பேர், கல் எடுத்துக் கொடுக்க நாலு பேர். பெரியம்மா பேர் வந்தபோது ஒரு கித்தான் பையைக் கையில் கொடுத்தார்கள். திறந்து பார்த்தாள். ஒரு கரணை, மட்டம் பார்க்கிற ரசமட்டம், தூக்குக்குண்டு, நூல்கண்டு.

"டீச்சரம்மா, பை மாறிப்போச்சு" என்றாள்.

டீச்சர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இல்லக்கா. உங்க பேருதான். கொத்தனார்னு போட்டிருக்கு. மூணாவது வீட்டுப் பின்சுவர் உங்களோடது."

பெரியம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. அன்று பெட்டி பிரித்து, இடம் பார்த்ததோடு வேலை முடிந்தது. சாயங்காலமே எனக்குப் போன் வந்தது.

"என்னடி எழுதிக் குடுத்த?"

நான் உண்மையைச் சொன்னேன். திட்டு வரும் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன். திட்டு வரவில்லை.

"தொழில் தெரியாதவர்னு ஒரு கட்டம் இருந்துச்சு பெரியம்மா. அதுல நான் எப்படி அடிப்பேன்?"

"அப்படி ஒரு கட்டமா வெச்சிருந்தானுங்க?" குரல் மாறிவிட்டது. "சரி, வை. காலையில பாத்துக்கறேன்."

காலையில் மூன்றாவது வீட்டுக்குப் போனாள். அங்கே எல்லா வீட்டுக்கும் பொறுப்பாக ஒரு உள்ளூர்க் கொத்தனார் இருந்தார். சாரம் இல்லாமலே, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் உயரத்துக்குக் கை எட்டுகிற ஆள். பெரியம்மா அவருக்கு நெட்டை மேஸ்திரி என்று பேர் வைத்துவிட்டாள். அவர் முதல் வரிசைக் கல்லைத் தானே வைத்துக் கொடுத்து, மேலே நீ போ என்று கையால் காட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அவளுக்குக் கலவை போடக் கொடுத்த ஆள் கூட வந்த ஒரு பேங்க் மேனேஜர். அடுத்த மாதம் ஓய்வு. கையுறை, தொப்பி, மூக்கில் துணி என்று முழுசாக மூடியிருந்தார். கலவையில் தண்ணீரைக் குடத்தோடு கவிழ்த்தார்.

"சார், சார்! ஊத்தாதீங்க, தெளிங்க. கஞ்சியா காய்ச்சுறோம்?"

"எவ்வளவு தெளிக்கணும்னு சொல்லுங்கம்மா, அளந்து ஊத்துறேன்."

"அளவெல்லாம் இல்ல சார். இப்படி ஒரு உருண்டை பிடிங்க. பிடிச்சா நிக்கணும், கைய விட்டா ஒட்டக் கூடாது."

மூன்றாவது குவியலிலேயே அவருக்குக் கலவை வந்துவிட்டது. அதுமுதல் ஒவ்வொரு தடவையும் ஒரு கை எடுத்து நீட்டி, "பாஸ் பண்ணுங்க மேடம்" என்று நிற்பாராம். முப்பது வருஷம் அவர் முன்னால் எத்தனையோ பேர் அப்படி நின்றிருப்பார்கள்.

வரிசை நேர் பார்க்க நூலைக் கட்டினாள். கல்லை வைத்தாள், தட்டினாள், பிதுங்கிய கலவையைக் கரணையால் வழித்தாள். ஆயிரம் தடவை பார்த்த வேலை. கை பழகிய மாதிரியே ஓடியது. மத்தியானத்துக்குள் மூன்று வரிசை ஏறிவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து, தெருப்பக்கம் பத்தடி தள்ளி நின்று பார்த்தாள்.

சுவரின் நடு வயிறு தள்ளியிருந்தது.

ரசமட்டம் வைத்துப் பார்க்கவே இல்லை. அவளுக்கு அது தேவையுமில்லை. முக்கால் விரல். பேங்க் மேனேஜரும் பக்கத்தில் வந்து நின்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலயேம்மா. நேராத்தானே இருக்கு? எப்படியும் மேல பூசிடுவாங்க இல்ல?"

"பூசுனா வெளிய தெரியாது சார். மேல பத்து வரிசை ஏறணும், அதுக்கு மேல கூரை உக்காரணும். அது பூச்சு மேலயா உக்காரும்?"

சொல்லிவிட்டு, மேல் வரிசையிலிருந்து கல்லைக் கழற்ற ஆரம்பித்தாள். கலவை இன்னும் இறுகவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, ஒட்டியதைச் சுரண்டி, ஓரமாக அடுக்கினாள். கல்லெடுத்துக் கொடுத்தவர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். காலையிலிருந்து அவர்கள் தூக்கிக் கொடுத்த கல் அது. அடுத்த வீட்டிலிருந்து நெட்டை மேஸ்திரி பெரிய எட்டாக வைத்து வந்தார். ஏதோ கேட்டார். குரலில் கோபம் தெரிந்தது.

"ஏன் பிரிக்கிறீங்கன்னு கேக்குறார்க்கா" என்றார் டீச்சர்.

"வயிறு தள்ளிடுச்சு, அதான். இன்னொண்ணும் சொல்லுங்க டீச்சரம்மா. நான் கொத்தனார் இல்ல. சித்தாளு. இருபத்தாறு வருஷமா."

டீச்சர் தயங்கினார். "அத இப்ப சொல்லணுமாக்கா?"

"இப்பதான் சொல்லணும். நாளைக்கு வேற எங்கயாவது தப்பு வந்தா அந்த மனுஷன் பேருதான கெடும்?"

டீச்சருக்குச் சித்தாள் என்பதற்கு அந்தப் பாஷையில் வார்த்தை கிடைக்கவில்லை. திணறுவதைப் பார்த்துவிட்டு, பெரியம்மாவே ஒரு சிமென்ட் கல்லைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மூன்றடி நடந்து காட்டினாள். நெட்டை மேஸ்திரிக்குப் புரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஆறு வீடு, பதினேழு நாள், அவரோடு சேர்த்து மூன்றே கொத்தனார்கள். அதில் ஒன்று இப்போது கழன்றுவிட்டது. சுவரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். அப்புறம் வேகமாக என்னவோ சொன்னார்.

"நீங்க சொன்னது நல்லதுன்றார். ஆனா இந்தச் சுவத்துக்கு வேற ஆள் பாக்கறேன், நீங்க கல்லு எடுத்துக் குடுங்கன்றார்."

பெரியம்மா கையிலிருந்த கரணையைக் கீழே வைக்கவில்லை.

"அவர்கிட்ட சொல்லுங்க. எங்க தப்பு வந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கல்ல நூலோட ஒட்டி ஒட்டி வெச்சிருக்கேன். ஒவ்வொரு கல்லும் நூலக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய தள்ளியிருக்கு. நூலுக்கும் கல்லுக்கும் நடுவுல ஒரு தலைமுடி போற சந்து விடணும். இதையே மத்தவங்களுக்கு மேஸ்திரி கத்திக் கத்திச் சொல்றத எத்தன நாள் கேட்டிருக்கேன்! காதுல ஏறுனது கையில இறங்கல. சாயங்காலம் வரைக்கும் நேரம் குடுக்கச் சொல்லுங்க. இதே மூணு வரிசைய வெச்சுக் காட்டறேன். வந்து பாக்கட்டும். நூலளவு தப்பு இருந்தாலும் நாளையிலிருந்து நானே சட்டி தூக்கறேன். யாரும் சொல்ல வேணாம்."

டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். தலைமுடி என்ற இடத்தில் பெரியம்மா தன் தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கி நூலுக்கும் கல்லுக்கும் நடுவில் பிடித்துக் காட்டினாளாம். நெட்டை மேஸ்திரி வாயைக் கோணி ஒரு சிரிப்பு சிரித்தார். வேறு ஆளும் அவரிடம் இல்லை. சாயங்காலம் என்று கையால் சூரியனைக் காட்டிவிட்டுப் போனார்.

அந்த மத்தியானம் பெரியம்மா மறுபடி கீழிருந்து வைத்துக்கொண்டு வந்தாள். மேனேஜர் நீட்டிய கலவைக்குத் தலையை மட்டும் ஆட்டினாள். வைத்த கல்லைத் தட்டுவதற்கு முன்னால் குனிந்து நூலைப் பார்ப்பாள். தட்டியபின் இன்னொரு தடவை பார்ப்பாள். காலையில் மூன்று வரிசை ஏறிய நேரத்தில் இப்போது இரண்டுதான் ஏறியது. வேலை முடிகிற நேரத்துக்குச் சரியாக மூன்றாவது வரிசையின் கடைசிக் கல்லை வைத்தாள்.

நெட்டை மேஸ்திரி வந்தார். ரசமட்டத்தை மூன்று இடத்தில் வைத்தார். நூலைக் குறுக்காகப் பிடித்துப் பார்த்தார். தரையில் மண்டியிட்டு, ஒற்றைக் கண்ணை மூடி, சுவரோரமாகப் பார்த்தார். அவ்வளவு நீளமான மனிதர் அவ்வளவு சின்னதாக மடங்குவார் என்று பெரியம்மா நினைக்கவில்லை. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு ஏதோ சொன்னார்.

"என்ன சொன்னார் டீச்சரம்மா?"

"'ம்'னு சொன்னார்க்கா."

"அது எனக்கே கேட்டுச்சு."

மறுநாள் பின்சுவர் அவளுடையதாகவே இருந்தது. நாலாம் நாள் நெட்டை மேஸ்திரி அவளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துக்கொண்டு போய் நாலாவது வீட்டின் மூலையில் நிறுத்தினார். சுவரின் நடுவை யாரும் வைத்துவிடலாம். மூலையை வைப்பதுதான் கொத்து வேலை. இரண்டு பக்கச் சுவரும் அதைப் பார்த்துத்தான் ஏறும். ஒரு மூலையைத் தான் எடுத்துக்கொண்டு எதிர் மூலையை அவளுக்குக் காட்டினார். இரண்டு பேரும் எதிரெதிரே வைத்துக்கொண்டு வந்தார்கள். நூலின் இந்த முனை அவளிடம், அந்த முனை அவரிடம். ஒரு வரிசை முடிந்ததும் அவர் அங்கிருந்து விசில் அடிப்பார், இவள் கையைத் தூக்குவாள், நூல் ஒரு கல் மேலே ஏறும்.

"அன்னிக்கு மட்டும் பசியே தெரியலடி" என்று போனில் சொன்னாள். பசி தெரியவில்லை என்று பெரியம்மா சொன்னதை நான் அதுவரை கேட்டதே இல்லை.

மூன்றாவது வீடு யாருக்கு என்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகள் துவைக்கிற ஒரு பெண்ணுக்கு. புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். இரவு வேலை முடித்துவிட்டு நேராக இங்கே வந்து மணல் சலிப்பாள். பெரியம்மாவின் தோளுக்குக்கூட வரமாட்டாள், அவ்வளவு குட்டை. பெரியம்மா அவளைக் குட்டிம்மா என்றாள். அவளும் ஏன் எதற்கு என்று கேட்காமல் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்த்தாள். சல்லடையைக் கையில் பிடித்தபடியே நின்ற இடத்தில் தூங்கிவிடுவாள். அப்போது பெரியம்மா சத்தமில்லாமல் போய் சல்லடையை வாங்கி, தானே நாலு தட்டு தட்டிவிட்டு, திரும்பக் கையில் வைத்துவிட்டு வருவாள்.

பன்னிரண்டாம் நாள் சமையல் மேடை கட்டினார்கள். ஆறு வீட்டுக்கும் ஒரே உயரம் என்று வரைபடத்தில் போட்டிருந்தது. பெரியம்மா கல்லைக் கையில் எடுத்துவிட்டு, குட்டிம்மாவைக் கூப்பிட்டுச் சுவரோரமாக நிறுத்தினாள். வரைபட உயரம் அவள் நெஞ்சுக்கு வந்தது.

"இங்க பாத்திரம் வெச்சா இவ ஏணி போட்டுத்தான் எட்டிப் பாக்கணும்" என்றாள் டீச்சரிடம். "முழங்கைய மடக்கச் சொல்லுங்க."

மடக்கினாள். முழங்கைக்கு நாலு விரல் கீழே கரித்துண்டால் கோடு போட்டாள் பெரியம்மா. நெட்டை மேஸ்திரி வந்து கோட்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். வரைபடத்தை விரலால் தட்டிக் காட்டினார். ஆபீஸில் போட்டுக் கொடுத்தது, மாற்ற முடியாது.

"ஆபீஸ்ல இருக்கறவங்களா வந்து சமைக்கப் போறாங்க? போன் பண்ணிக் கேக்கச் சொல்லுங்க. கேட்டா என்ன, அடிக்கவா போறாங்க?"

அவர் போன் பண்ணினார். நின்றுகொண்டே ரொம்ப நேரம் பேசினார். நடுவில் இரண்டு தடவை குட்டிம்மாவைத் திரும்பிப் பார்த்து, அவள் உயரத்தைத் தன் இடுப்பருகில் கையால் காட்டினார், போனில் பேசுகிறவருக்குத் தெரிகிற மாதிரி. கடைசியில் வரைபடத்தைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு பெரியம்மாவைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கினார். கோடு போட்ட உயரத்திலேயே மேடை வந்தது. குட்டிம்மா காயாத மேடைக்கு முன்னால் நின்று, இல்லாத கரண்டியால் இல்லாத பாத்திரத்தில் கிண்டிப் பார்த்தாள். அப்புறம் பெரியம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. "சிமென்ட் கைய வெச்சுக்கிட்டு நான் எப்படிக் கட்டிப் பிடிக்கறது? ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு போலீஸ்ல மாட்டுன திருடி மாதிரி நின்னேன்" என்றாள் பெரியம்மா.

திரும்பி வந்த வாரமே கண்ணாடி மேஸ்திரியைப் பார்க்கப் போனாள்.

"மேஸ்திரி, நாளைக்கு வேலைக்கு வரேன். ஆனா கரணைதான் பிடிப்பேன்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. நிஜமாகவே வேடிக்கை என்று நினைத்துவிட்டார். "வெளிநாட்டுக் காத்து பட்டதும் பேச்சே மாறிடுச்சே! நீ கரணை பிடிச்சா சட்டி யாரும்மா தூக்கறது?"

"அத நீங்க பாத்துக்குங்க."

மூன்று வாரம் வீட்டில் இருந்தாள். வேறு இரண்டு மேஸ்திரிகளும் சிரித்தே அனுப்பினார்கள். பெரியப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல். "ஏதாவது சொல்லுங்களேன், போட்டதத் தின்னுட்டு கம்முனு இருக்கீங்களே" என்று அவரிடம் சண்டைக்குப் போனாள்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பால் டிப்போ. லாரி பின்னால் வந்து இடித்ததில் அதன் சுற்றுச்சுவர் பத்தடிக்கு விழுந்து கிடந்தது. கண்ணாடி மேஸ்திரி இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று ஒரு மாதமாக டிப்போக்காரரை இழுத்தடித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா போய் நின்றாள்.

"நான் கட்டித் தரேன். கோணலா இருந்தா நானே இடிச்சு அள்ளிப் போட்டுட்டுப் போறேன்."

டிப்போக்காரர் விழுந்த சுவரைப் பார்த்தார், அதன் வழியாக உள்ளே நுழைகிற மாடுகளைப் பார்த்தார். "கட்டும்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தாள். சித்தாளாக யாரும் வரவில்லை. காலை ஏழு மணிக்கு வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரியப்பா இறங்கினார். "சட்டி எங்க?" என்றார்.

தெருவே கூடிவிட்டது. ஞாயிறும் வேலைக்குப் போக வேண்டியவர்கள்கூட வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பெரியம்மா கல் வைக்க, பெரியப்பா கலவை சுமந்தார். பத்துச் சட்டிக்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஏங்க, கலவை இன்னும் வரல!"

"வருதும்மா வருது. எனக்கு ரெண்டு கால்தான் இருக்கு!"

"இப்பதான் தெரியுதா?"

தெரு சிரித்தது. பெரியப்பாவும் சிரித்துவிட்டுச் சட்டியைத் தூக்கினார். பாதிச் சுவர் ஏறியபோது கண்ணாடி மேஸ்திரி சைக்கிளில் அந்த வழியாக வந்தார். தற்செயலாக வந்த மாதிரிதான் காட்டிக்கொண்டார். சைக்கிளை நிறுத்தி, கீழே இறங்காமல், ஒரு காலை ஊன்றியபடி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். சிறிய கண்.

பெரியம்மா அவரைக் கவனிக்காதது போலவே கல் வைத்தாள். அவர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு வந்து, பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்துச் சுவரோரம் தொங்கவிட்டார். குண்டு ஆடி ஆடி நின்றது. அவர் பார்த்தார். நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

"திங்கக்கிழமை ஸ்கூல் மாடி வேலை ஆரம்பிக்குது. படிக்கட்டுச் சுவர் இருக்கு. வரியா?"

"எதுக்கு?"

"எதுக்குன்னா என்ன அர்த்தம்? கரணைய எடுத்துக்கிட்டு வா."

"சித்தாளு யாரு?"

"அத நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், பெரியம்மா சாரத்தில் ஏறியதும், பக்கத்துச் சுவரில் நின்றிருந்த ஒரு கொத்தனார் கீழே இறங்கிவிட்டார். நேற்று வரை தனக்குக் கலவை தூக்கியவளோடு சரிக்குச் சரியாக நின்று வேலை பார்க்க முடியாது என்றார். மர நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். பெரியம்மா படிக்கட்டுச் சுவர் மூலையில் முதல் கல்லை வைத்து, நூல் கட்டி, மேலே ஏறிக்கொண்டே போனாள். டீ வருகிற நேரத்துக்குள் ஜன்னல் அடிமட்டம் வரைக்கும் வந்துவிட்டாள். நிழலில் இருந்தவர் டீயைக் குடித்துவிட்டு, கப்பைக் கசக்கிப் போட்டுவிட்டு, சாரத்தில் ஏறித் தன் சுவரைத் தொடர்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே, "அக்கா, அந்த ரசமட்டத்தக் கொஞ்சம் தாங்க" என்றார்.

பெரியம்மா எட்டிக் கொடுத்தாள்.